பட்டறைச் சாமான்

கூனிமேடு
9.1.2024

யூசுப் அண்ணனுக்கு, ஸலாம்.

உங்கள் நம்பரை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அத்தாவின் நாற்பதாம் நாள் ஓதி முடித்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஏழு வாய்ஸ் மெசேஜ். ஏழிலும் கத்தல். பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் கேட்டது. இனி எதைச் சொல்வதானாலும் காகிதத்தில் எழுதுங்கள். எழுதும்போது யாராலும் கத்த முடியாது. கோட்டக்குப்பத்திலிருந்து வாரத்துக்கு ரெண்டு பேராவது ஷார்ஜாவுக்கு பிளைட் ஏறுகிறார்கள். இந்தக் கடிதமும் அவர்களில் ஒருவர் கையில்தான் வருகிறது.

காரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு இன்ஜினீயர் ஊர் திரும்பும்போது, தன் மெக்கானிக்கான நம் அத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த ரெட்டைக் கதவு மொன்ட்ரேவா பத்திரமாகத்தான் இருக்கிறது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி, உப்புக் காற்று தின்றுவிடாமல் அடியில் எண்ணெய் அடித்து வைத்திருக்கிறேன். இன்ஜின் வண்டியில் இல்லை. அதை இறக்கிப் பிரித்துப் பட்டறையில் ஸ்டாண்டின்மேல் வைத்திருக்கிறது. பிஸ்டனெல்லாம் வெளியே கிடக்கிறது. அத்தா மவுத்தானபோது எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியே.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக அத்தாவுக்குக் கை நடுக்கம். ஸ்பேனரைப் பிடித்தால் நழுவிவிடும். அந்த ஆறு வருஷமும் பட்டறையில் நடந்த வேலை எல்லாம் நான் செய்தது. மரக்காணம் உப்பளத்துப் பம்பு இன்ஜின்கள், மீன் லோடு வண்டிகள், இந்தக் காரின் துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தது, எல்லாம் இந்தக் கைதான். கேட்டவர்களிடம் அத்தா "நான்தான் பண்ணேன்" என்றே சொல்லிவந்தார். வயசானவர், போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வாய்மூடலுக்கு இப்போது அனுபவிக்கிறேன். வண்டியை ரோட்டில் நிறுத்துகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து "பாய் இல்லியா? சரி பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த ஒன்றரை மாதத்தில் வந்த வேலை, உப்பளத்து அஞ்சம்மாளின் பம்பு ஒன்றுதான். இந்தக் கார் இன்ஜினை நான் சேர்த்து ஓடவிட்டு, அதைச் சேர்த்தது நான்தான் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் பட்டறை பிழைக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆறு மாதம் காரைத் தொடாதீர்கள்.

சைபுன்னிசா


ஷார்ஜா
21.1.2024

தங்கச்சி சைபுன்னிசாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கூடப்பிறந்த அண்ணனை பிளாக் பண்ணிவிட்டு லெட்டர் எழுதச் சொல்கிறாய். சரி, எழுதுகிறேன். ஷோரூமில் கஸ்டமர் நின்றுகொண்டிருந்ததால் நீ எழுதியதை மேலோட்டமாகத்தான் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக நான் கார் வியாபாரத்தில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வண்டி பழைய இரும்பு. எடைக்குப் போட்டால் என்ன வருமோ அதுதான் அதன் மதிப்பு. ஆனாலும் அத்தா ஞாபகமாக அதை நான் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். மார்க்கப்படி எனக்கு இரண்டு பங்கு, உனக்கு ஒரு பங்கு. காரை மூன்றாக அறுக்க முடியாது. அதனால் யாருக்கும் மனஸ்தாபம் வராமல் ஒரு வழி யோசித்தேன். வண்டி எனக்கு. பட்டறையில் உள்ள சாமான் எல்லாம் உனக்கு. அண்ணன் ஒரு ஸ்பேனரைக்கூடத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

இதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஜமாஅத் தலைவர் முத்தவல்லியிடம் காட்டு. கூடவே வண்டியை என் பேருக்கு மாற்றுகிற ஃபார்மும் இருக்கிறது. அதில் உன் கையெழுத்து வேண்டும். சென்னையிலிருந்து லாரி அனுப்புகிறேன்.

பட்டறை, வெல்டிங் என்று எழுதியிருக்கிறாய். இதெல்லாம் பொம்பளை செய்கிற வேலையா? அத்தா இருந்தவரை கூடமாட எடுத்துக் கொடுத்தாய், சந்தோஷம். போதும். அந்தச் சாமான்களை விற்று ஒரு தையல் மெஷின் வாங்கிக்கொள்.

முஹம்மது யூசுப்


கூனிமேடு
4.2.2024

அண்ணனுக்கு, ஸலாம்.

ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் தனித்தாளை முத்தவல்லி இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். "பட்டறைக்குள் இருக்கும் சகல சாமான்களும் என் தங்கை சைபுன்னிசாவுக்கே சேரும்" என்று இருந்தது. "சகலன்னா சகலம்தானம்மா?" என்று என்னைக் கேட்டார். "எங்க அண்ணன் எழுதியிருக்காரே, நான் என்ன சொல்றது" என்றேன். அதில் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்.

லாரி வரட்டும். வண்டி கொட்டகையில் இருக்கிறது, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

தையல் மெஷின் இப்போதைக்கு வேண்டாம்.

சைபுன்னிசா


ஷார்ஜா
19.2.2024

சைபு,

ஸலாம் சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

நேற்று சென்னை குடோனில், வாங்கப்போகிறவருடைய ஆள் முன்னால் பானெட்டைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே இன்ஜின் இல்லை! இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் வைக்கோலும் ஐந்து கோழி முட்டையும் இருந்ததாம். வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு இந்த அவமானம் வந்ததில்லை.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? இந்த மாதிரி வண்டியில் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கம்பெனி ரிக்கார்டில் ஜோடியாக இருக்கும். அந்த ஜோடி சேர்ந்திருந்தால்தான் கலெக்டர்கள் வாங்குவார்கள். வேறு இன்ஜின் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு விலைகூடத் தேறாது. அறுபது லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிற வண்டியைக் கெடுத்துவிட்டாயே!

இன்ஜினைத் திருடியது நீ. ஒரு வாரம் டைம் தருகிறேன். குடோனுக்கு வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் ஜமாஅத்தில் பிராது கொடுப்பேன்.

யூசுப்


கூனிமேடு
1.3.2024

அறுபது லட்சத்து அண்ணனுக்கு, ஸலாம்.

பழைய இரும்பு இந்த அளவுக்கு விலை ஏறிவிட்டது தெரியாமல் பழைய இரும்புக்காரனுக்கு எத்தனை சாமானை எடைக்குப் போட்டிருக்கிறேன்!

முதலில் முட்டை விஷயம். அது பக்கத்து வீட்டு பூவிழியின் கோழி. தினமும் எங்கே போய் இடுகிறது என்று அவள் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்து முட்டைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது திருட்டு. என் முதல் கடிதத்தை எடுங்கள், இப்போது கஸ்டமர் யாரும் நிற்கவில்லையென்றால். "இன்ஜின் வண்டியில் இல்லை, பட்டறையில் ஸ்டாண்டின்மேல் வைத்திருக்கிறது" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பதிலாக, பட்டறைச் சாமான் எல்லாம் உனக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நீங்கள். பிராது கொடுக்கப் போவதாகச் சொன்னீர்களே, நானே அந்தத் தாளையும் உங்கள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு முத்தவல்லியிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "சாமான்னா சட்டி பானைன்னு நெனச்சிட்டாரா உங்க அண்ணன்? ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனா, என்ன சாமான் வேணும்னுதான கேக்கறான்? இன்ஜின் இருக்கறது பட்டறைல. அப்ப அது பட்டறைச் சாமான்தான். இதுல நான் தீர்ப்பு சொல்ல என்னா இருக்குது?" என்றார்.

மெக்கானிக் வீட்டில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது மறந்துபோனது. வீட்டில் அம்மாவின் சாமான் வேறு, பட்டறையில் அத்தாவின் சாமான் வேறு. ஷோரூமில் ஏசியில் உட்கார்ந்தால் இப்படித்தான்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் இன்டர்நெட்டில் கொடுத்திருக்கும் விளம்பரத்தை மரக்காணத்து லேத் பட்டறை ஜான்சன் என்னிடம் காட்டினார். உங்கள் லாரி வருவதற்கு முந்தின வாரமே பார்த்துவிட்டேன். விலை போட்டிருந்தது, அது பரவாயில்லை. வியாபாரி அப்படித்தான் செய்வார். ஆனால் அதற்குக் கீழே "மறைந்த தந்தையும் மகனும் நாற்பத்தைந்து வருடம் தங்கள் கையால் பராமரித்த வண்டி" என்று இருந்தது. மகன்! உங்கள் கையில் கடைசியாக கிரீஸ் பட்டது எந்த வருஷம் அண்ணா? அடித்தகட்டுக்கு வெல்டிங் அடித்தபோது தெறித்த பொறியில் என் முழங்கையில் இருக்கும் வடு மகனுடையதா? ஜான்சன் போனை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் உங்கள் ஃபார்மில் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். அப்படி ஒரு வாக்கியத்தை எழுதுகிற மகன் பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

இன்ஜின் என்னுடையது. அதற்காக உங்களை அலைக்கழித்து அதிகம் பிடுங்க மாட்டேன். மார்க்கம் எனக்குச் சொன்னது மூன்றில் ஒன்று. அந்த ஒன்றை நீங்கள் தர மனமில்லாமல் ஸ்பேனரைக் காட்டினீர்கள். முழு வண்டியின் விலையில் என் ஹக்கு, என் உரிமையான அந்த ஒரு பங்கு எனக்கு வர வேண்டும். வண்டி திரும்பக் கூனிமேட்டுக்கு வர வேண்டும், இன்ஜினைச் சேர்த்து ஏற்றுவது நான்தான். வண்டியோடு கொடுக்கும் சரித்திர ஃபைலில், வேலை செய்தவர் என்ற இடத்தில் என் பேர் இருக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியை மட்டும் பேரம் பேசாதீர்கள்.

சைபுன்னிசா


ஷார்ஜா
14.3.2024

தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகட்டும்.

உன் லெட்டரை இந்தத் தடவை முழுசாகப் படித்தேன். மூன்று தடவை.

மூன்றில் ஒன்று தருகிறேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என் நிலைமை உனக்குத் தெரியாது. முதலாளி ஷோரூமைத் தன் மகன் கையில் கொடுத்துவிட்டார். அவனுக்கு என் வயசு ஆட்கள் தேவையில்லை. டிசம்பரோடு விசா முடிகிறது. ஐம்பத்தோரு வயசில் கூனிமேட்டு ரோட்டில் இறங்கி நான் என்ன செய்வேன் என்ற பயத்தில்தான் அப்படி எழுதினேன். சரியென்று சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

பொறுத்திருந்து விற்கலாமே என்று நீ கேட்கலாம். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இது ஒரு நாள் முழுக்க ரெண்டு பேர், ரெண்டு பெட்டியோடு களைப்பில்லாமல் ஒரு தேசத்தைத் தாண்டிப் போவதற்காகச் செய்த வண்டி. பதினெட்டு வயசில் இதைத் தெருவில் பார்த்து ஏங்கினவர்கள், கையில் காசு சேர்ந்தபிறகு தேடித்தேடி வாங்கினார்கள். அதனால்தான் பதினைந்து வருஷமாக விலை ஏறியது. அவர்களுக்கெல்லாம் இப்போது எழுபதுக்கு மேல். அவர்கள் பிள்ளைகள் ஏங்கினது வேறு வண்டிக்கு. ஏற்றம் இப்போதே நின்றுவிட்டது. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் விற்கிறவர்கள் அதிகம் இருப்பார்கள், வாங்குகிறவர்கள் இருக்க மாட்டார்கள். முதலீடு என்று பார்த்தால் இதை விற்க வேண்டிய வருஷம் இதுதான். இது வியாபாரி பேச்சு இல்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றுதான்.

அடுத்த வாரம் லாரியில் வண்டி வந்துசேரும். இன்ஜினைச் சேர்த்து ஏற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் விற்றாக வேண்டும். ஒரே ஒரு கெஞ்சல், வண்டியை ரோட்டில் ஓட்டாதே. ஒவ்வொரு கிலோமீட்டரும் விலை. அந்த உப்புக் காற்றில் பாதி நாள் நின்றாலே போதும், பெயிண்ட் கொப்பளித்துவிடும்.

பேர் விஷயம் பிறகு பேசுவோம்.

யூசுப்


கூனிமேடு
9.4.2024, நோன்பு இருபத்தொன்பது

அண்ணனுக்கு, ஸலாம்.

ஓடிவிட்டது!

பிஸ்டன் ரிங் கிடைக்காமல் பத்து நாள் அலைந்தேன். கடைசியில் ஜான்சன் ஏதோ ஒரு லாரியின் ரிங்கை வாங்கி, லேத்தில் ஓரம் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். வால்வுகளை நானே அரைத்து உட்கார வைத்தேன். ஹெட்டின் கேஸ்கெட்டைச் செம்புத் தகட்டில் கையால் வெட்டினேன். மூன்று கார்புரேட்டரையும் ஒரே மாதிரி மூச்சு விட வைக்க நாலு நாள் பிடித்தது. பிளாக்கின் ஓரத்தில் பெயிண்டுக்கு அடியில் இருந்த நம்பரை மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்து, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பேப்பரோடு ஒத்துப் பார்த்தேன். ஜோடி சரியாக இருக்கிறது. நோன்பு வாயோடு செய்த வேலை, ஒரு நட்டில்கூட நான் பொய் வைக்கவில்லை.

நேற்று சாவியைத் திருப்பியதும் முதலில் இருமியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் அழுதேன் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். ஓட்டினேன். ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதற்கு நான் என்ன சிலையா செய்தேன்? ஈசிஆர் ரோட்டில் மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்பினேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஏம்மா, காரு உன்னுதா?"

"இன்ஜின் என்னுது. மிச்சமெல்லாம் எங்க அண்ணனுது."

"அப்ப உங்க அண்ணன் அத்த தள்ளிக்கினு போவட்டும்!"

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவித் துடைத்துவிட்டேன், பயப்படாதீர்கள். பெயிண்ட் கொப்பளிக்கவில்லை. உங்களுக்கு வயிறு கொப்பளித்திருக்கும்.

வண்டி தயார். ஆளை அனுப்பலாம். ஃபைலில் என் பேரை எப்படி எழுத வேண்டும் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் மதனிக்கும் ஈத் முபாரக்.

சைபு


ஷார்ஜா
22.4.2024

தங்கச்சிக்கு, ஸலாம்.

ஜான்சன் போனிலிருந்து நீ அனுப்பிய வீடியோவில் சத்தம் கேட்டேன். ஷோரூமில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். முதலாளி மகன்கூடத் தன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

இப்போது நான் எழுதுவதை நிதானமாகப் படி. மே ஒன்றாம் தேதி வாக்கில் வாங்குகிறவர் தரப்பிலிருந்து கண்ணாயிரம் என்று ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். கையில் ஒரு ஃபார்ம் கொண்டுவருவார். அதில் இன்ஜின் வேலை செய்தவர் என்ற இடத்தில் அத்தா பேர் டைப் அடித்திருக்கும். தேதி போன வருஷம் ஆகஸ்ட். அத்தா உயிரோடு இருந்த தேதி. நீ அத்தாவுக்குப் பதிலாக, வாரிசு என்று போட்டுக் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

கோபப்படாதே. காரணத்தைக் கேள். வண்டியைச் செய்த கம்பெனி இன்ஜினீயரே கூட வைத்துப் பழக்கிய மெக்கானிக் அத்தா. அதற்கு பிரெஞ்சுக்காரர் எழுதிக் கொடுத்த சான்று இருக்கிறது. முதல் நாளிலிருந்து கடைசிவரை ஒரே மெக்கானிக் கை என்று ஃபைல் பேசினால் அதற்கு ஒரு விலை. நடுவில் கூனிமேட்டில் சர்டிபிகேட் இல்லாத ஒரு பெண் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தாள் என்று வந்தால் விலை வேறு. நான் உன் பேரைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், மறைக்கவில்லை. அத்தா பேரில் அறுபத்திரண்டு லட்சம். உன் பேரில் ஐம்பத்து நான்கு. வேலை ஒன்றுதான், இன்ஜின் ஒன்றுதான். வெறும் ஒரு பேருக்கு எட்டு லட்சம் வித்தியாசம்.

அத்தாவுக்கு இதில் கெட்ட பேர் வரப்போவதில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் அவரே "நான்தான் பண்ணேன்" என்று சொல்லியிருப்பார், நீயே எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் சும்மா இருந்தாய். இன்னும் ஒரு தடவை சும்மா இரு. மார்க்கெட் இப்படித்தான் இருக்கிறது. நீயும் நானும் சேர்ந்து அதை மாற்ற முடியாது.

உன் அண்ணன் ஊருக்குத் திரும்பி வந்து உட்காரப் போகிறான். அந்த எட்டு லட்சம் எனக்குச் சின்னத் தொகை இல்லை. உனக்கும் இல்லை.

யூசுப்


கூனிமேடு
5.5.2024

அண்ணனுக்கு, ஸலாம்.

கண்ணாயிரம் சார் வியாழக்கிழமை வந்தார். நல்ல மனுஷர். சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கார் அடியில் படுத்துப் பார்த்தார். டார்ச் அடித்து நம்பரைப் படித்தார். இன்ஜினை ஓடவிட்டு, அது சூடாகும்வரை காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசியில் ஆயில் மூடியின்மேல் ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்தி வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, காசு ஆடி விழவில்லை.

"யாரு பண்ணதும்மா இது?"

"நான்தான் சார்."

அவர் ஃபார்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல உங்க அப்பா பேர்ல அடிச்சு வந்திருக்குதே?"

"அவரு மவுத்தாகும்போது இந்த இன்ஜின் நாப்பது துண்டா கெடந்துது சார். மய்யித்து எழுந்து வந்து எப்படி நட்டு முடுக்கும்?"

"பேரை மாத்தினா ரேட் கொறையும், தெரியுமில்ல? உங்க அண்ணன் சொன்னாரா?"

"சொன்னாரு சார். பேனாவைக் குடுங்க."

அத்தா பேரின்மேல் ஒரு கோடு போட்டேன். அவர் பேரை முதல் பக்கத்தில், பழைய மெக்கானிக் என்ற இடத்தில் அப்படியே விட்டிருக்கிறேன், அது அவருடைய இடம். அவருடைய சான்றையும் ஃபைலில் சேர்த்துவிட்டேன். அவர் செய்த வேலையிலிருந்து நான் ஒரு நட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னுடையதை அவருக்குக் கொடுத்தது போதும். ஆறு வருஷம் கொடுத்தேன், அதனால் அவருக்கும் பட்டறைக்கும் என்ன நன்மை வந்தது? அவர் போன மறுநாளே ரோட்டில் போகிறவன் "பாய் இல்லியா" என்று கேட்டுவிட்டுப் போகிற பட்டறையாகத்தான் ஆனது.

இன்னும் ஒரு தடவை சும்மா இரு என்று எழுதியிருந்தீர்கள். இருக்க மாட்டேன் அண்ணா. மார்க்கெட் இப்படித்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், அதை நான் மாற்ற வரவில்லை. என்னை மாற்ற அதனால் முடியாது, அவ்வளவுதான்.

நீங்கள் ஊருக்குத் திரும்பி வரப்போகிறீர்கள் என்பதை மனதில் வைத்துத்தான் இதைச் செய்கிறேன். உங்கள் இரண்டு பங்கையும் அறுபத்திரண்டு லட்சத்துக்கே போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் குறைய வேண்டாம். குறைகிற எட்டு லட்சம் முழுவதையும் என் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். இதையும் தனித்தாளில் எழுதி, முத்தவல்லி முத்திரையோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சாமான் என்ற வார்த்தையே அதில் இல்லை, தைரியமாகப் படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் கேட்டதும் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "எட்டு லட்சத்தை யாராச்சும் பேருக்குக் குடுப்பாங்களா?" என்றார். காலையில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, "பட்டறைப் பலகைல என்னா எழுதணும், சொல்லு" என்றார். ஜான்சன் பெயிண்ட் வாங்கப் போயிருக்கிறார்.

எனக்கு நாற்பத்து மூன்று வயசாகிறது. அத்தாவின் மகள், யூசுபின் தங்கச்சி, இன்னாரின் பெண்சாதி என்று எத்தனையோ பேர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் சொந்தப் பேருக்கு ஒரு விலை உண்டென்று இதுவரை எவரும் சொன்னதில்லை. முதல்முதலில் சொன்னது நீங்கள்தான். எட்டு லட்சம். கழிக்கிற தொகையாக நீங்கள் அதை எழுதினீர்கள். நான் அதைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

ஃபார்மின் நகல் இத்துடன் இருக்கிறது.

சைபுன்னிசா
மெக்கானிக், கூனிமேடு